யார் சொன்னால் அது சாட்சியம்?

1854 அக்டோபர் 23ஆம் தேதி லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழில் ஓர் அறிக்கை வெளியானது. எழுதியவர் ஜான் ரே. கனடாவில் வணிகம் செய்த ஹட்சன் விரிகுடா கம்பெனியில் மருத்துவராகவும் நில அளவையாளராகவும் வேலை பார்த்தவர். 1845இல் வடதுருவக் கடலில் வழி தேடிப் புறப்பட்ட சர் ஜான் ஃபிராங்க்ளினும், இரண்டு கப்பல்களில் அவரோடு போன ஆட்களும், மொத்தம் 129 பேர், திரும்பி வரவே இல்லை. அவர்களுக்கு என்ன ஆனது என்று அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான இனுவிட் மக்கள் ரேயிடம் சொல்லியிருந்தார்கள். சுமார் 40 வெள்ளைக்காரர்கள் படகு ஒன்றை இழுத்துக்கொண்டு தெற்கே நடந்து போயிருக்கிறார்கள். பிற்பாடு 30 பேர் அளவில் பிணமாகக் கிடந்திருக்கிறார்கள். கடைசியில் பசி தாங்காமல், உயிரோடு இருந்தவர்கள் செத்தவர்களின் உடலைத் தின்றதற்கும் அடையாளம் இருந்திருக்கிறது. ரே பேச்சை மட்டும் கொண்டுவரவில்லை. வெள்ளிக் கரண்டிகள், முட்கரண்டிகள், ஃபிராங்க்ளினின் பெயர் பொறித்த சிறு வெள்ளித் தட்டு ஆகியவற்றையும் அந்த மக்களிடமிருந்து விலைக்கு வாங்கி வந்திருந்தார்.

லண்டன் கொதித்தது. பிரிட்டிஷ் கடற்படையினர் மனித மாமிசம் தின்றார்கள் என்பதை யாராலும் ஏற்க முடியவில்லை. அந்தக் காலத்தின் மிகப் பெரிய நாவலாசிரியரான சார்லஸ் டிக்கன்ஸ் தன் வாரப் பத்திரிகையில் மறுப்பு எழுதினார். அவருடைய வாதம் சுருக்கமாக இதுதான்: ஒழுக்கமும் பயிற்சியும் உள்ள ஆங்கிலேய மாலுமிகள் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள், சொன்னவர்களோ காட்டுமிராண்டிகள், அவர்கள் பேச்சை நம்ப முடியாது, ஒருவேளை அவர்களே தாக்கிக் கொன்றிருக்கலாம். டிக்கன்ஸ் துருவப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ரே அங்கே பல ஆண்டுகள் வாழ்ந்தவர், இனுவிட் மக்களைப் போலவே பனிவீடு கட்டித் தங்கிப் பயணம் செய்தவர். ஆனாலும் பொதுமக்கள் மதிப்பில் சரிந்தது ரேயின் பெயர்தான். இனுவிட் சொன்னதை நம்பினார் என்பதே அவர்மேல் குற்றமாகிவிட்டது.

அப்புறம் நடந்தவை எல்லாம் பதிவில் இருக்கின்றன. 1990களில் கிங் வில்லியம் தீவில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்தபோது, 92 எலும்புகளில் கத்தி வெட்டுத் தடங்கள் தெரிந்தன. 2014இல் ஃபிராங்க்ளினின் இரண்டு கப்பல்களில் ஒன்றான ‘எரிபஸ்’ கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு கப்பல் அந்தத் தெற்குப் பகுதியில்தான் மூழ்கியது என்று இனுவிட் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். 2016இல் மற்றக் கப்பலான ‘டெரர்’ கிடைத்தது, அதுவும் உள்ளூர் இனுவிட் ஒருவர் கொடுத்த துப்பை வைத்து. 2024இல் வெட்டுத் தடம் உள்ள ஒரு தாடை எலும்பு மரபணுச் சோதனைக்குப் போனது. அது ‘எரிபஸ்’ கப்பலின் தலைவர் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸுடையது.

இனுவிட் சொன்னது சரி, டிக்கன்ஸ் சொன்னது தப்பு என்று முடித்துக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. அன்றைக்கே எடை போட்டுப் பார்த்திருந்தால் தராசு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும்? ஒரு பக்கம் பிணங்களைக் கண்ணால் கண்டவர்களிடமிருந்து வந்த செய்தியும் கைப்பொருளும். இன்னொரு பக்கம் ‘எங்கள் ஆட்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல’ என்ற நம்பிக்கை மட்டும். இனுவிட்டிடம் கேட்ட கேள்விகளில் ஒன்றைக்கூட டிக்கன்ஸிடம் யாரும் கேட்கவில்லை. நீ பார்த்தாயா, உனக்கு எப்படித் தெரியும், இப்படிச் சொல்வதால் உனக்கு என்ன ஆதாயம் என்று ஒரு தரப்பைத் துருவித் துருவிக் கேட்டுவிட்டு, மறு தரப்பை வாசலிலேயே வணங்கி உள்ளே விடுவது: காலனிய வரலாற்றில் ‘அதிகாரபூர்வம்’ என்பதில் பெரும்பகுதி இப்படித்தான் உருவானது.

ஒரே ஒருவர் சொன்னது எப்படி ஊரறிந்த உண்மையாகும் என்பதற்குக் கல்கத்தா ‘இருட்டறை’ நல்ல உதாரணம். 1756 ஜூன் 20 இரவு, வங்காள நவாப் சிராஜ் உத் தௌலாவின் ஆட்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டையைப் பிடித்த பிறகு 146 பேரை ஓர் அறையில் அடைத்தார்கள், காலையில் 23 பேர்தான் உயிரோடு இருந்தார்கள் என்று எழுதியவர் ஜான் ஹோல்வெல். அவரும் உயிர் தப்பியவர்களில் ஒருவர். அறையின் அளவு ஏறக்குறைய 18 அடிக்கு 14 அடி. கணக்குப் போட்டால் ஆளுக்கு இரண்டு சதுர அடிகூட வராது. கைதிகள் அங்கே இறந்தார்கள் என்பதை வரலாற்றாசிரியர்கள் பொதுவாக மறுப்பதில்லை. எண்ணிக்கையைத்தான் பலர் ஏற்கவில்லை, பாதிக்கும் குறைவாக இருக்கலாம் என்று கணித்தவர்கள் உண்டு. ஆனால் ஹோல்வெல் கொடுத்த எண்தான் புத்தகத்துக்குப் புத்தகம் நகலாகிப் பள்ளிப் பாடம் வரை வந்தது. கர்சன் பிரபு அதற்கு நினைவுச் சின்னத்தைப் புதுப்பித்துக் கட்டினார். சுபாஷ் சந்திர போஸ் தொடங்கிய போராட்டத்துக்குப் பிறகு 1940இல் அது அந்த இடத்திலிருந்து அகற்றப்பட்டது. ஒரு கடிதத்தைப் பத்துப் புத்தகங்கள் மேற்கோள் காட்டினால் பத்துச் சாட்சிகள் இருப்பது போலத் தோன்றும். தேடிப் போனால் நிற்பவர் ஒருவர்தான்.

குரலே எழுப்ப விடாமல் வாயை அடைத்தார்கள் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. பல நேரங்களில் கேட்டார்கள், பொறுமையாகவே கேட்டார்கள், எழுதி அச்சிட்டும் வைத்தார்கள். ஆனால் முடிவு சொல்லும் உரிமையை மட்டும் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். இதைப் புரிந்துகொள்ளச் சென்னை மாகாணத்தின் சித்திரவதை விசாரணைக் கமிஷனைப் போல இன்னொன்று எனக்குத் தெரிந்து இல்லை.

1854 ஜூலையில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சென்னை மாகாண நில வரி பற்றி விவாதம் நடந்தது. வரி வசூலுக்காகக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு அங்கே எழுந்தது. அதைத் தொடர்ந்து சென்னை அரசு எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவரைக் கொண்டு ஒரு கமிஷனை அமைத்தது. புகார்கள் குவிந்தன: 519 பேர் நேரில், 1,440 பேர் கடிதம் மூலம், ஆக 1,959. அறிக்கை 1855இல் வந்தது.

அதில் வரும் விவரங்களைப் படிப்பது கஷ்டம். கிட்டி போடுவது என்றால், ஒரு முனையில் பிணைத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து, ஆள் அலறும் வரை நெரிப்பது. அண்ணாந்தாள் என்பது கழுத்தின் மேலாகவும் கால்விரல்களுக்குக் கீழாகவும் கயிறோ அவனுடைய வேட்டியோ கொடுத்து இழுத்துக் கட்டி, குனிந்த வாக்கில் வெயிலில் நிறுத்துவது. சில சமயம் முதுகில் ஒரு கல்லும் ஏறும். சாப்பாட்டுக்கு விடாமல், மலஜலம் கழிக்கவும் விடாமல் அடைத்து வைப்பதும் உண்டு. கமிஷன் இவற்றில் எதையும் மறைக்கவில்லை. சித்திரவதை நடக்கிறது, பரவலாக நடக்கிறது என்று ஒப்புக்கொண்டது. அந்த அளவுக்கு அது நேர்மையான ஆவணம்தான்.

ஆனால் பழி யார்மேல்? கீழ்மட்ட உள்நாட்டு ஊழியர்கள்மேல். ஐரோப்பிய அதிகாரிகள் இதை ஆதரிக்கிறார்கள் என்றோ கண்டும் காணாமல் விடுகிறார்கள் என்றோ மக்கள் நினைக்கவில்லை என்றும், தங்கள் இனத்தவரின் கொடுமையிலிருந்து காப்பாற்றும்படிதான் அவர்கள் கதறுகிறார்கள் என்றும் அறிக்கை முடித்தது. கவனித்துப் பாருங்கள். தன் உடம்பில் என்ன நடந்தது என்று குடியானவன் சொன்னால் அது செல்லும். ஏன் நடந்தது, யாருக்காக நடந்தது என்பதைச் சொல்ல வேண்டியவர் மட்டும் கமிஷனர். வலிக்குச் சாட்சி ஒருவன், காரணத்துக்குச் சாட்சி இன்னொருவர். வரித் தொகையை நிர்ணயித்தது யார், கெடு வைத்தது யார், வசூல் குறைந்தால் தாசில்தாரைக் கேள்வி கேட்டது யார் என்ற பக்கம் விசாரணை திரும்பவே இல்லை.

இதை அப்போதே பிடித்துக்கொண்டவர்கள் சென்னையில் இருந்தார்கள். சென்னை சுதேசி சங்கம், 1852இல் கஜுலு லட்சுமிநரசு செட்டி தொடங்கியது. 1856 ஜனவரியில் அந்தச் சங்கத்தின் மனு ஒன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதில் மூன்று குறைகள் சொல்லப்பட்டன. ஒன்று, கமிஷன் சென்னைப் பட்டணத்தில் மட்டுமே உட்கார்ந்தது, அதுவும் மூன்றே மாதம். புகார் உள்ளவர்களில் பெரும்பாலோர் ஊரை விட்டுக் கிளம்பி வரும் நிலையில் இல்லை. இரண்டு, தீமையின் வேரைத் தேடவில்லை. தேடியிருந்தால் அது வரி வசூல் முறையிலேயே இருப்பது தெரிந்திருக்கும். மூன்று, குற்றம் சாட்டப்பட்ட உள்நாட்டு ஊழியர்களிடம், இந்தப் பழக்கம் மேலதிகாரிகளுக்கு எவ்வளவு தூரம் தெரியும் என்று கேட்கவே இல்லை.

இந்த மூன்றாவது குறையைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் அதிலேயே நின்றேன். 1,959 புகார்களை வாங்கிய ஒரு விசாரணை, கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதன் மூலம் தன் முடிவைப் பத்திரப்படுத்திக்கொண்டது. காலனிய அறிக்கைகளைப் படிக்கும்போது என்ன எழுதியிருக்கிறது என்பதோடு, யாரிடம் என்ன கேட்கவில்லை என்றும் பார்க்க வேண்டும். இதை 170 ஆண்டுகளுக்கு முன் மனு எழுதியவர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். கமிஷனின் அறிக்கை அரசு ஆவணமாக அச்சேறியது. மனு, பெரும்பாலும் அடிக்குறிப்பில் மட்டும் தலை காட்டுகிறது.

சரி, காகிதம் தங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லும் என்றால் ஆட்சி என்ன செய்யும்? காகிதத்தையே அப்புறப்படுத்தும். பிரிட்டிஷ் காலனியாக இருந்த கென்யாவில் 1952இல் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. ஆட்சியை எதிர்த்து எழுந்த மாவ் மாவ் கிளர்ச்சியை அடக்குகிறோம் என்று பெருந்தொகையான மக்களை முகாம்களில் அடைத்து வைத்தார்கள். அடி, சித்திரவதை, பாலியல் வன்கொடுமை எல்லாம் நடந்தன. 1957இல் கென்யாவின் அட்டர்னி ஜெனரலாக இருந்த கிரிஃபித் ஜோன்ஸ் கவர்னருக்கு எழுதிய கடிதத்தில், நாம் பாவம் செய்யத்தான் வேண்டும் என்றால் அதைச் சத்தமில்லாமல் செய்ய வேண்டும் என்று குறிப்பிட்டார். 1961இல் காலனி விவகார அமைச்சர் இயன் மக்லியோட், பிரிட்டிஷ் அரசுக்குச் சங்கடம் தரக்கூடிய ஆவணங்கள் எதுவும் விடுதலை பெறும் நாடுகளின் கைக்குப் போகக் கூடாது என்று உத்தரவிட்டார். அழிக்கும் முறைக்கும் விதிகள் வந்தன. எரித்தால் சாம்பலையும் கிளறி உடைத்துவிட வேண்டும். கடலில் போடுவதானால், கனம் சேர்த்த பெட்டிகளில் அடைத்து, கரையிலிருந்து முடிந்த மட்டும் தொலைவில், நீரோட்டம் இல்லாத ஆழ்கடலில் இறக்க வேண்டும்.

எரிக்காமல் மிஞ்சியவற்றில் ஒரு பங்கு கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது. 2009இல் முதிய வயதில் இருந்த ஐந்து கென்யர்கள், தாங்கள் பட்ட சித்திரவதைக்காக பிரிட்டிஷ் அரசின்மேல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். ஆவணங்கள் எங்கே என்ற கேள்வி வலுத்த பிறகு, 2011இல், பக்கிங்ஹாம்ஷயரில் ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் பழைய காலனிகள் 37இன் சுமார் 8,800 கோப்புகள் இருப்பதை பிரிட்டிஷ் அரசு வெளியிட்டது. 2013 ஜூனில், பாதிக்கப்பட்ட 5,228 பேருக்கு வழக்குச் செலவும் சேர்த்து 1 கோடியே 99 லட்சம் பவுண்டு தருவதாக வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஹேக் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். வருத்தம் தெரிவித்தார், சட்டப் பொறுப்பை ஏற்கவில்லை.

பெரிய வெற்றிதான். ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த முதியவர்கள் சொன்னது அரை நூற்றாண்டாக மாறவில்லை. அவர்கள் கிராமங்களில் எல்லோருக்கும் தெரிந்த கதை அது. அடித்தவர்களின் கைப்பட எழுதிய கோப்பு வெளியே வந்ததும்தான் அடிபட்டவர்களின் பேச்சுக்கு எடை கூடியது. தழும்பு உடம்பில் இருந்தும், கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் சிலர் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். அதிகாரி எழுதியது எல்லாம் பொய், மக்கள் சொல்வது எல்லாம் மெய் என்று. அதுவும் விசாரிக்காமல் நம்புவதுதான். ‘மக்கள்’ என்ற ஒற்றைக் குரல் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கவர்னர் மாளிகையில் நடந்ததை ஒரு தமிழர் தம் மொழியில் எழுதி வைத்திருக்கிறார் என்பது நமக்குக் கிடைத்த பெரும் பேறு. ஆனால் அது செல்வாக்குள்ள ஒரு வணிகரின் கண் வழியே தெரியும் புதுச்சேரி. அங்கே துணி நெய்தவர்களும் மூட்டை சுமந்தவர்களும் நாட்குறிப்பு எழுதவில்லை. 1829இல் கவர்னர் ஜெனரல் வில்லியம் பென்டிங்க், உடன்கட்டை ஏறும் ‘சதி’ வழக்கத்தைத் தடை செய்தபோது ஆதரித்து ராம்மோகன் ராய் தரப்பும் எதிர்த்து பழமைவாதிகளின் தர்ம சபையும் எழுதிக் குவித்த பக்கங்கள் ஏராளம். தீயில் ஏறியவர்கள் பெண்கள். அந்தப் பக்கங்களில் அவர்கள் பேசுவது அரிதிலும் அரிது. அவர்களைப் பற்றி மற்றவர்கள்தான் பேசுகிறார்கள்.

கதைப்பாடல்களும் காலத்தைக் கலக்கும், எதிரியை ஊதிப் பெரிதாக்கும். அதற்காக ஒதுக்கிவிட முடியுமா? கட்டபொம்மனை எடுத்துக்கொள்வோம். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில், மற்ற பாளையக்காரர்களைக் கூட்டி வைத்து, அவர்கள் கண்முன்னால் தூக்கிலிட்டவர் மேஜர் பானர்மேன். மறுநாளே மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். கம்பெனிக்கு அடங்காதவனுக்குத் தண்டனை கொடுத்தாயிற்று என்று தெரிவிக்கும் கடிதம் அது. அதற்குள்ளேயே, கேட்காமல் வந்து விழுந்த சில வரிகள் இருக்கின்றன. விசாரணை முழுக்கக் கட்டபொம்மன் கொஞ்சமும் அஞ்சாமல், எவரையும் மதிக்காமல் நின்றார். தம்மைப் பிடிக்க முனைந்து நின்ற எட்டயபுரம் பாளையக்காரரை அடிக்கடி வெறுப்போடு பார்த்தார். தூக்குக்குப் போகும்போது உறுதியாக நடந்து, இருபுறமும் நின்ற பாளையக்காரர்கள்மேல் இகழ்ச்சியான பார்வையை வீசிக்கொண்டே போனார் என்று பானர்மேனே எழுதுகிறார். திமிரைக் காட்டத்தான் எழுதினாரோ, வியந்து எழுதினாரோ, தெரியாது. பாட்டுக்காரர்கள் தலைமுறைகளாகப் பாடிய அந்த நிமிர்வுக்குத் தூக்கிலிட்டவரின் கடிதமே சாட்சி. ஆவணத்தையும் பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டால் இப்படிப்பட்டவை கிடைக்கும். எழுதியவர் யாருக்கு எழுதினார், பாடியவர் யார் முன்னால் பாடினார், எதைச் சொல்லாமல் விட்டால் யாருக்கு லாபம் என்று இருவரிடமும் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வி நீதிமன்ற விதியாகவே மாறிய ஓர் இடம் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிட்சான், வெட்சுவெட்டன் என்ற இரண்டு பழங்குடி மக்கள், ஏறக்குறைய 58,000 சதுர கிலோமீட்டர் நிலம் தங்களுடையது என்று வழக்குப் போட்டார்கள். பத்திரம் கிடையாது. குலங்களின் வரலாறும் எல்லைகளும் பாட்டிலும் சடங்கிலும்தான் இருந்தன. அவற்றையே சான்றாகக் கொண்டுவந்தார்கள். விசாரணை 374 நாட்கள் நடந்தது. கிட்சான் மூதாட்டி ஒருவர் தம் குலப் பாட்டைப் பாட முனைந்தபோது, பாட்டைக் கேட்டு உணரும் காது தனக்கு இல்லை என்று நீதிபதி மக்கீச்சர்ன் சொன்னார். பாட்டை எழுதிக் கொடுத்தால் போதாதா என்பதே அவருடைய எண்ணம். 1991இல் அவர் கொடுத்த தீர்ப்பில் அந்த வாய்மொழிச் சான்றுகளுக்குத் தனித்து நிற்கும் மதிப்பு கிடைக்கவில்லை. வழக்கு தோற்றது.

1997 டிசம்பர் 11 அன்று கனடா உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பியது. எழுத்தில் வரலாறு வைக்காத மக்களிடம் எழுத்தை மட்டும் சான்றாகக் கேட்டால் அவர்கள் ஒருபோதும் எதையும் நிரூபிக்க முடியாது. ஆகவே வாய்மொழி வரலாற்றை ஏற்று, வரலாற்று ஆவணங்களுக்குச் சமமாக வைத்து எடைபோட வேண்டும் என்று தலைமை நீதிபதி லாமர் எழுதினார். அப்படியே நம்பு என்று அவர் சொல்லவில்லை. சமமாக வைத்துச் சோதி என்றார். உலகின் பல நீதிமன்றங்களில் அந்தத் தீர்ப்பு இன்றைக்கும் எடுத்துக்காட்டப்படுகிறது.

நிலம் யாருடையது என்று மட்டும் உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. அந்த மறு விசாரணை நடக்கவே இல்லை. 2020இல் தங்கள் நிலத்தின் ஊடாக எரிவாயுக் குழாய் போடுவதை வெட்சுவெட்டன் பரம்பரைத் தலைவர்கள் எதிர்த்தார்கள். ஆதரவாக நாடெங்கும் ரயில் மறியல் நடந்தது. அந்த ஆண்டு மே மாதம் கனடா அரசும் மாகாண அரசும் அவர்களோடு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1997 தீர்ப்பு பேசிய அந்த உரிமையை எப்படி நடைமுறைக்குக் கொண்டுவருவது என்பதே அந்த ஒப்பந்தத்தின் பொருள்.